கருப்பத்திலுள்ள மகவை அளத்தல்

பிறந்த குழந்தையைத் தராசிலிட்டு நிறுத்தறியலாம். தாயின் உதரத்துள் மறைந்திருக்கும் மகவின் நிறையை அறிவது எங்ஙனம்? இது வேடிக்கை வினாவன்று. 28ஆம் வாரத்தில் ஏறக்குறைய 1 கிலோகிராம் நிறையுள்ள சிசு, 40ஆம் வாரத்தில் ஏறக்குறைய 3 கிலோகிராம் ஆதல் வேண்டும். நஞ்சுக்கொடி தன் தொழிலிற் குன்றுமாயின் சிசு பட்டினி கிடக்கும். பசித்த குழந்தை அழும். கருவிலுள்ளதோ அழ இயலாது. அறியாது விடின் சில வேளைகளில் உயிரின்றியே பிறக்கும்.

அளக்குங் கருவிகளுள் எளியது தையற்காரரிடம் காணும் அளவுநாடாவே. கருப்பையின் உச்சியிலிருந்து இடுப்பின் முன்னெலும்பு வரையில் அளந்தால், 24 முதல் 36 வாரம் வரையில், சென்டிமீட்டரின் எண் வாரங்களின் எண்ணை ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று கூடலாம், குறையலாம். எண்கள் தோன்றாவண்ணம் நாடாவின் வெறும்புறம் மேலாக வைத்தளந்து, பின்னரே திருப்பிப் பார்க்க வேண்டுமென்பர். எதிர்பார்த்த எண்ணையே கண் காணும் என்பதை நன்குணர்ந்து வகுத்த விதி இது. நம் பௌதிக ஆய்வுச்சாலை மாணவர்க்கும் ஏற்கும்.

ஆயினும் நாடா சிசுவின் உறுப்புக்களைத் தனித்தனியே காட்டமாட்டாது. அதற்கு வழி பிறந்தது, கப்பலுக்கும் கொதிகலனுக்கும் பேர்போன கிளாஸ்கோ நகரில். உருக்கினுள் மறைந்த வெடிப்புக்களைச் செவிக்கெட்டா ஒலியலைகளால் கண்டறியுங் கருவி ஆங்குள்ள தொழிற்சாலைகளில் இருந்தது. பல்கலைக்கழகத்துப் பிரசவ சாஸ்திரப் பேராசிரியர் இயன் டொனால்டு, 1955இல், அறுத்தெடுத்த கட்டிகளை மோட்டார் வண்டியிலேற்றி அத்தகைய தொழிற்சாலையொன்றிற்குக் கொண்டுசென்று சோதித்தார். ஒப்புநோக்குதற்கு மாட்டிறைச்சித் துண்டொன்றும் உடன் வைக்கப்பெற்றதாம்! மக்விகார் என்னும் மருத்துவரோடும், டாம் பிரவுன் என்னும் பொறிவல்லுநரோடும் அவர் எழுதிய கட்டுரை 1958இல் 'லான்செட்' பத்திரிகையில் வெளிவந்தது.

முதலிற் சிசுவின் தலையகலமே அளக்கப்பட்டது. தலை தெளிவாய்த் தோன்றும். ஆனால் தலை ஏமாற்றவும் கூடும். உணவு குறையுங்கால் சிசுவின் உடல் குருதியை மூளைக்கே முதலில் வழங்கி, ஏனைய உறுப்புக்களைப் பின்தள்ளுகின்றது. ஈரலிற் சேமித்த சருக்கரைச் சத்தும் செலவாகிவிடும். எனவே தலை வளர்ந்துகொண்டிருக்கவும் வயிறு பின்தங்கும். வயிற்றின் சுற்றளவு கொண்டு நிறையை மதிப்பிடும் முறையை ஸ்டூவர்ட் காம்பெல், வில்கின் இருவரும் 1975இல் வெளியிட்டனர். இப்பொழுது தலை, வயிறு, தொடையெலும்பு மூன்றையும் அளந்து கணிக்கின்றனர். அக்கணக்கும் நூற்றுக்குப் பத்து பதினைந்து பிழைத்தல் உண்டு.

ஆதலின் ஓரளவையே கொண்டு தாயை அச்சுறுத்தல் தகாது. சிற்றுருவினளான தாயின் மகவு சிறிதாயினும் நலமாயிருக்கலாம். இரண்டு மூன்று வாரம் இடைவிட்டெடுத்த அளவுகளின் கோடு ஏறாது தளர்வதே அஞ்சத்தக்கது. அந்நிலையில் தொப்புட்கொடியின் குருதியோட்டத்தை டாப்ளர் முறையால் ஆராய்வர். கருவினுள் நேர்ந்த இப்பட்டினியைத் தீர்க்கும் மருந்து இல்லை. தக்க நாளிற் பிறக்கச் செய்தலே வழி. முந்தினால் நுரையீரல் முதிர்ந்திராது. பிந்தினால் உயிர்க்கே மோசம். அந்நாளைத் துணிதற்கே இத்தனை அளவுகளும் வேண்டப்படுகின்றன.

இவை மருத்துவர் செய்வன. கருவியின்றித் தாயே அறியக்கூடியது சிசுவின் அசைவு. வழக்கமான அசைவு குறையின், மறுநாள் வரை பாராது அன்றே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். மாதம் நிரம்பினால் இடம் போதாமல் அசைவு குறையுமென்று வீட்டிலுள்ள மூதாட்டியர் ஆறுதல் கூறுவதுண்டு, அது சரியன்று.