'கிரிவலம்' என்று செயலிக்குப் பெயர் வைத்தால் அது உங்களுக்குச் சொந்தமா?

பௌர்ணமிதோறும் 14 கி.மீ. கிரிவலப் பாதை நிரம்பி வழியும் ஊர் திருவண்ணாமலை. பக்தர்களுக்கு அறை பிடித்துத் தர ஒரு செயலி தொடங்க நினைப்பவருக்குச் சட்டென்று தோன்றும் பெயர் 'கிரிவலம்' அல்லது 'திருவண்ணாமலை ரூம்ஸ்'. பார்த்ததும் புரியும், தேடினாலும் கிடைக்கும். அதே பெயரில் இன்னொருவர் கடை விரிக்கும்போதுதான் சிக்கல்.

சட்டம் என்ன சொல்கிறது?

பொருளின் வகை, தரம், பயன், ஊர் ஆகியவற்றை மட்டுமே சுட்டும் பெயரை வணிகச் சின்னமாகப் பதியக் கூடாது என்கிறது 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9ஆவது பிரிவு. விண்ணப்பிக்கும் முன்பே நெடுநாள் புழங்கி, அந்தப் பெயர் தன் நிறுவனத்தையே குறிக்கிறது என்று நிரூபித்தால் விலக்கு உண்டு.

மூன்று வழக்குகள்

இணையச் சேவை நிறுவனமான சத்யம் இன்ஃபோவே, தன் பெயரைச் சுருக்கி 'சிஃபி' என்ற புதுச்சொல்லை உண்டாக்கியது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூட்டி, 'சிஃபிநெட்' என்று வேறொரு நிறுவனம் இணைய முகவரி வாங்கியது. 2004இல் உச்ச நீதிமன்றம் சத்யத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. இணைய முகவரிக்கும் வணிகப் பெயருக்குரிய பாதுகாப்பு உண்டு என்பது அதனால் உறுதியானது.

சென்னையின் கன்சிம் இன்ஃபோவுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. தன் 'தமிழ் மேட்ரிமோனி', 'பாரத் மேட்ரிமோனி' பெயர்களைத் தேடுவோருக்குப் போட்டியாளர்களின் விளம்பரங்கள் காட்டப்படுவதாகக் கூகுள் மீதும் போட்டித் தளங்கள் மீதும் அது வழக்குத் தொடுத்தது. 2010இல் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை தரவில்லை. திருமணச் சேவையை விவரிக்கும் பொதுச்சொற்களால் ஆன பெயர்கள் என்பதே நிறுவனத்துக்குப் பாதகமானது.

மைக்ரோசாஃப்ட்டுக்கே இந்தத் தலைவலி உண்டு. 'லிண்டோஸ்' என்ற மென்பொருள் மீது அது வழக்குப் போட்டபோது, 'விண்டோஸ்' என்பதே பொதுச்சொல்தானே என்ற கேள்வி கிளம்பியது. 2004இல் மைக்ரோசாஃப்ட் 2 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. லிண்டோஸ் பெயரை மாற்றிக்கொண்டது.

புனித நூலின் பெயர் வைக்கலாமா?

ஊதுபத்திக்கு 'ராமாயண்' என்ற பெயரைத் தனியுரிமையாக்க முயன்றவருக்கு 2015இல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. புனித நூலின் பெயரை ஒருவர் தனதென்று உரிமை கொண்டாட முடியாது.

என்ன செய்யலாம்?

சேவையை விவரிக்காத, நீங்களே உண்டாக்கிய பெயரைத் தேர்ந்தெடுங்கள். அதை ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். 'கிரிவலம்', 'திருவண்ணாமலை' போன்ற சொற்களை விளக்க வரியில் தாராளமாகப் பயன்படுத்துங்கள். அவை ஊர்ச்சொத்து. பெயர்ப்பலகை எழுதக் கொடுக்கும் முன் பெயரைச் சரிபார்த்துவிடுங்கள்.