கராஜ் கதவும் வெல்டிங் புகையும்

கேற், ட்ரெயிலர் திருத்தவென்று மிக் வெல்டிங் இயந்திரம் வாங்கி வீட்டுக் கராஜில் வைத்திருப்போர் எம்மவரிலும் உண்டு. பொருத்தும் முறை கைநூலில் இருக்கிறது. காஸுடன் பாவிக்கும் கம்பிக்கு ரோச் நேர்முனையில், காஸ் இல்லாத கம்பிக்குப் பெரும்பாலும் எதிர்முனையில். சிலிண்டரை நிமிர்த்திச் சங்கிலியால் கட்டுங்கள்.

வைத்தியர்களாகிய எமக்குக் கவலை கதவைப் பற்றியது. காற்று வீசினால் காஸ் கலைந்து ஒட்டில் துளை விழும். அதனால் ரோலர் கதவை இழுத்து மூடிவிடுகிறோம். புகையும் எம்மோடு உள்ளேயே நிற்கிறது. 2017இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு இப்புகையைப் புற்றுநோய் உண்டாக்குவதென வகைப்படுத்தியது. அவுஸ்திரேலிய வேலைத்தலங்களுக்கான எல்லை 2024 சனவரியில் கனமீற்றருக்கு 5 மில்லிகிராமிலிருந்து 1 ஆகக் குறைக்கப்பட்டது. வீட்டுக் கராஜை அளக்க எவரும் வரப்போவதில்லை. கதவைத் திறந்து, மெல்லிய காற்று பக்கவாட்டில் போகும்படி நில்லுங்கள். தலையைப் புகைக்கு மேலே நீட்டாதீர்கள். காற்றுப் பலமென்றால் காஸ் இல்லாத கம்பியுடன் வெளியே செய்யலாம். அதன் புகை இன்னும் அதிகம்.

நாகம் பூசிய குழாயை ஒட்டினால் அன்றிரவே குளிரும் காய்ச்சலும் வரலாம், வாயில் உலோகச் சுவை தட்டும். பெரும்பாலும் ஓரிரு நாளில் மாறும். மூச்சுத் திணறினால் 000ஐ அழையுங்கள்.

"ஒரு பொட்டுத்தானே" என்று முகமூடி இல்லாமல் ஒட்டினால், 6 முதல் 12 மணி நேரம் கழித்துக் கண்ணில் மணல் கொட்டியதுபோல் எரியும். தாய்ப்பால் விடுவது ஊர் வழக்கம். கிருமி தொற்றும், வேண்டாம். கசக்காமல் வைத்தியரிடம் வாருங்கள். விறைக்கச் செய்யும் சொட்டு மருந்தை வீட்டுக்குக் கேட்காதீர்கள், அது கருவிழி ஆறுவதைத் தாமதப்படுத்தும். பக்கத்தில் நின்று வெளிச்சத்தைப் பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே எரிவு வரும்.