ஆடும் கதிரை

குழந்தை பிறந்த வீட்டிலே தொட்டில் ஆடுகிறது. அக்குழந்தை ஓடித் திரியும் பருவம் எய்தியதும் முற்றத்து மரத்திலே ஊஞ்சல் ஆடுகிறது. மெல்லிய அசைவு மனத்துக்கு அமைதியையும் உடலுக்கு உறக்கத்தையும் தரும் என்பதைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். ஆயினும், வயது முதிர்ந்து, கால் தளர்ந்து, ஊஞ்சலில் ஏறி இறங்கவும் இயலாத நிலை வரும்போது மனிதன் அந்த இன்பத்தை இழந்துவிடத்தான் வேண்டுமா? இவ்வினாவுக்கு அமெரிக்க நாட்டுத் தச்சர் கண்ட விடையே ஆடும் கதிரை.

தொட்டிலின் அடியில் வளைந்த சட்டங்களைப் பொருத்தும் வழக்கம் ஐரோப்பாவில் மிகப் பழையது. ஆனால், அதே சட்டங்களைக் கதிரையின் கால்களில் பொருத்தலாம் என்ற எண்ணம் பரவுவதற்குப் பல நூற்றாண்டுகள் சென்றன. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கக் குடியேற்ற நாடுகளில் இவ்வகைக் கதிரைகள் வழங்கத் தொடங்கின. முதலில் புதிய கதிரை எதுவும் செய்யப்படவில்லை. வீட்டிலிருந்த பழைய கதிரையின் கால்களைச் சிறிது அறுத்து, அவற்றின் அடியில் வளைந்த சட்டங்களைச் செருகினர், அவ்வளவே.

இதனைக் கண்டுபிடித்தவர் பெஞ்சமின் பிராங்கிளின் என்று பலர் கூறுவதுண்டு. அதற்குச் சான்று இல்லை. அவர் இளைஞராயிருந்த காலத்திலேயே இக்கதிரை வழக்கில் வந்துவிட்டது. ஆனால், முதுமையில் அவரிடம் விந்தையான ஆடும் கதிரை ஒன்று இருந்தது உண்மை. 1787இல் அவரைக் காணச் சென்ற மனாசே கற்லர் என்னும் போதகர் அதனைத் தம் நாட்குறிப்பில் விவரித்திருக்கிறார். கதிரைக்கு மேலே பெரிய விசிறி ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. பிராங்கிளின் நூல் வாசித்துக்கொண்டே காலைச் சிறிது அசைப்பார், விசிறி வீசும், ஈக்கள் அகன்றுவிடும். எண்பது வயதைக் கடந்த அறிஞர் ஒருவர் பிறர் கையை எதிர்பாராது இளைப்பாறக் கண்ட வழி அது.

19ஆம் நூற்றாண்டில் பொஸ்டன் நகரின் பெயரால் வழங்கிய கதிரை வீடுதோறும் புகுந்தது. அதன் முதுகுப்புறம் உயர்ந்திருக்கும். அமரும் பலகை பின்னே மேல்நோக்கியும் முன்னே கீழ்நோக்கியும் வளைந்திருக்கும். தலை சாயும் பலகையில் கனிகளும் மலர்களும் வண்ணத்தால் தீட்டப்பட்டிருக்கும். பட்டறைகள் இதனைப் பெருந்தொகையாகச் செய்து மலிவாக விற்றமையால் சாதாரண குடும்பத்தினரும் வாங்க முடிந்தது.

எல்லாரும் இதனை விரும்பினர் என்று எண்ணிவிடலாகாது. 1830களில் அமெரிக்காவைச் சுற்றிப் பார்த்த ஹரியற் மாட்டினோ என்னும் ஆங்கிலேய எழுத்தாளர், விடுதிகளில் பெண்கள் இக்கதிரைகளில் அமர்ந்து ஓயாது ஆடும் காட்சியைக் கண்டு வெறுப்புற்று எழுதினார். அசையாது நிமிர்ந்திருப்பதே நாகரிகம் என்று கருதிய கண்களுக்கு ஆடும் கதிரை சோம்பலின் சின்னமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

இக்குற்றச்சாட்டுக்கு மறுமொழி எதிர்பாராத ஓரிடத்திலிருந்து கிடைக்கிறது. 1774இல் ஆன் லீ என்னும் மாதரசியுடன் இங்கிலாந்திலிருந்து நியூ யோர்க் வந்து சேர்ந்த சிறு கூட்டத்தினரிலிருந்து வளர்ந்தது ஷேக்கர் என்னும் சமயக் குழு. இவர்கள் மணவாழ்க்கையைத் துறந்தவர்கள். உடைமை யாவற்றையும் பொதுவாக வைத்தவர்கள். உழைப்பையே வழிபாடாகக் கொண்டவர்கள். வீண் அலங்காரம் எதனையும் அவர்கள் ஏற்பதில்லை. இத்தகையோர் ஆடும் கதிரையை விலக்கியிருப்பர் என்றே எவரும் எண்ணுவர். ஆனால், அதனைச் சிறப்பாகச் செய்தவர்களுள் அவர்களே முன்னணியில் நின்றனர்.

காரணம் எளியது. ஷேக்கர் குடியிருப்பிலே தனிக் குடும்பமென்று எவருக்கும் இல்லை. வாழ்நாள் முழுவதும் வயலிலும் பட்டறையிலும் உழைத்தவர் தளர்ந்தபோது அவரைப் பேண வேண்டிய கடமை குழு முழுவதற்கும் உரியதாயிற்று. ஆகவே, நோயுற்றோருக்கும் முதியோருக்கும் என ஆடும் கதிரைகளைச் செய்தனர். காலப்போக்கில் ஏனையோரின் அறைகளிலும் அவை இடம்பெற்றன. மேப்பிள் மரத்தாலான மெல்லிய சட்டங்கள், ஏணிப்படி போன்ற முதுகு, நெய்த நாடாக்களைப் பின்னிய இருக்கை என்பன அவற்றின் இலக்கணம். தேவையற்ற ஒரு செதுக்கலும் இல்லை. தேவையான எதுவும் விடுபடவும் இல்லை.

நியூ யோர்க் மாநிலத்து மவுன்ற் லெபனன் குடியிருப்பினர் இக்கதிரைகளை வெளியாருக்கும் விற்றனர். சிறு குழந்தைக்குரியது பூச்சியம், மிகப் பெரியது ஏழு என இலக்கமிட்டு எட்டு அளவுகளில் செய்தனர். 1876இல் பிலடெல்பியாவில் நடந்த நூற்றாண்டுப் பொருட்காட்சியில் இவற்றுக்குப் பரிசு கிடைத்தது. போலிகள் பெருகியமையால், தம் கதிரைகளில் அடையாள முத்திரை ஒட்டவும் நேர்ந்தது. பின்னர் குழுவினர் தொகை குறைந்தது. 1947இல் மவுன்ற் லெபனன் குடியிருப்பு மூடப்பட்டது. முதியோருக்காகச் செய்த கதிரைகள் இன்று நூதனசாலைகளில் இருக்கின்றன.

ஐரோப்பாவிலே இக்கதிரை வேறோர் உருவம் பெற்றது. மைக்கேல் தொனற் என்னும் தச்சர் பீச் மரக் கோல்களை நீராவியில் வேகவைத்து, இரும்பு அச்சுகளில் வளைத்துக் கதிரை செய்யும் முறையை வளர்த்தார். 1860இல் அவரது தொழிலகம் ஆடும் கதிரையை வெளியிட்டது. கையும் காலும் அடிச்சட்டமும் ஒரே கொடிபோலச் சுருண்டு ஓடும் அமைப்பு அது. பிரம்பு பின்னிய இருக்கையிலும் முதுகிலும் காற்றுப் புகும், பாரமும் குறைவு.

இக்கதிரை ஆடியும் கவிழாதிருப்பது எங்ஙனம்? அடியிலுள்ள சட்டம் ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. அவ்வட்டத்தின் மையம், அமர்ந்திருப்பவரின் புவியீர்ப்பு மையத்திலும் உயரத்தில் இருத்தல் வேண்டும். அவர் பின்னே சாயும்போது சட்டம் நிலத்தைத் தொடும் இடமும் பின்னே நகர்கிறது. அது உடலின் பாரத்தைக் காட்டிலும் அதிகமாக நகர்வதால், பாரமே கதிரையை முன்னே இழுத்து மீட்கிறது. சட்டத்தை மிகுதியாக வளைத்தால் வட்டம் சிறுத்துக் கதிரை எளிதிற் கவிழும். வளைவு போதாவிடில் ஆட்டம் தடைப்படும். பின்புறம் சட்டம் நீண்டிருந்தால் பாதுகாப்பு மிகும். ஆனால், வழியிற் செல்வோர் காலில் இடறும். நல்ல தச்சரின் திறமை இவற்றுக்கிடையே அளவறிவதில் இருக்கிறது.

உடல் பெறும் நன்மையும் ஆராயத்தக்கது. ஒரே நிலையில் நெடுநேரம் இருந்தால் முதுகுத் தசைகள் இறுகி வலிக்கும். ஆடும்போது பாரம் இடம் மாறுகிறது; கால் தசைகளும் மெல்ல இயங்குகின்றன. முதுகு வலியால் வருந்திய ஜோன் கென்னடிக்கு 1955இல் ஜனற் ரவெல் என்னும் பெண் வைத்தியர் ஆடும் கதிரையைப் பரிந்துரைத்தார். 1961இல் ஜனாதிபதியானபின் வெள்ளை மாளிகையிலும் அவர் அதனையே பயன்படுத்தினார். அவருடைய கதிரைகளுள் ஒன்று 1996இல் நான்கு இலட்சம் டொலருக்கு மேல் ஏலம் போயிற்று. மற்றொரு ஜனாதிபதியின் கதிரைக்குத் துயர வரலாறு உண்டு. 1865 ஏப்ரல் 14ஆம் நாள் இரவு நாடக அரங்கிலே ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டபோது அவர் அமர்ந்திருந்ததும் ஆடும் கதிரையே. அது இன்று மிச்சிகன் மாநிலத்து நூதனசாலை ஒன்றில் இருக்கிறது.

அசைவு உறக்கத்தைத் தருவது ஏன் என்பதையும் விஞ்ஞானிகள் ஆராய்ந்துள்ளனர். உட்காதிலே சமநிலையை உணரும் உறுப்புகள் உண்டு. மெதுவான, ஒழுங்கான ஆட்டத்தை அவை மூளைக்கு அறிவிக்கின்றன. 2011இல் ஜெனீவாப் பல்கலைக்கழகத்தார் பன்னிரண்டு ஆடவரை ஆடும் கட்டிலிலும் ஆடாக் கட்டிலிலும் பகலில் உறங்கச் செய்தனர். ஆடும் கட்டிலில் விரைவாகவும் ஆழ்ந்தும் உறக்கம் வந்தது. தொட்டிலை ஆட்டும் தாய்மார் கண்டறிந்ததற்குச் சோதனைச்சாலையும் சான்று கூறிவிட்டது.

இக்கதிரையை வீட்டில் வைப்போர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் நன்று. சமதளமான நிலத்தில் வைத்தல் வேண்டும். பின்னே சுவருக்கும் கதிரைக்கும் இடைவெளி வேண்டும். தவழும் குழந்தையின் விரல் சட்டத்தின் கீழ் அகப்படாமற் காத்தல் இன்றியமையாதது. முதியவர் எழும்போது கதிரை முன்னே சரியக்கூடுமாதலால், கைப்பிடி உறுதியாயிருத்தல் வேண்டும்.

பாலூட்டும் தாயும், நோயினின்று தேறுபவரும், உழைத்து ஓய்ந்த முதியவரும் ஒரே இருக்கையில் ஆறுதல் பெறுகின்றனர். ஓயாது உழைத்த ஷேக்கர் மக்கள் இதனைச் சோம்பலென்று எண்ணவில்லை; உழைத்தவருக்கு வீடு செலுத்தும் கடனென்றே எண்ணினர். யன்னலோரத்தில், வீட்டாரின் பேச்சொலி கேட்கும் இடத்தில் முதியவருக்கென ஒரு கதிரை இருக்குமாயின், அந்த வீட்டில் அவருக்கு இன்னும் இடமுண்டு என்பதை அவரும் அறிவார். வீட்டுச் சிறுவரும் அறிவர்.