குடிசையில் பிறந்த திட்டம்

சமூகக் குறைகளைக் களைய நல்லெண்ணம் ஒன்றே போதும் என்று கருதுவோர் நம்மிடையே பலர். சட்டம் ஒன்றே போதும் என்பார் வேறு சிலர். இவ்விரண்டும் இருந்தும் காரியம் கைகூடாமற் போனதற்குத் தஞ்சைத் தரணியே சாட்சி. தச்சன் கதவு செய்யுமுன் வாசலை அளந்து பார்க்கிறான். ஏழைகளுக்குத் திட்டம் வகுப்போரோ ஏழையின் வாசலை எட்டியும் பார்ப்பதில்லை. நம் திட்டங்கள் பல பயன்படாமற் போவதற்கு இதுவே மூலகாரணம் என்பது நமது அபிப்பிராயம்.

காவிரி பாயும் அந்நாட்டில் நெல்லை விளைவித்தவன் பண்ணையாள். நெல்லும் நிலமும் மிராசுதாருடையவை. 1951-ல் ஸ்ரீ வினோபா பாவே தொடங்கிய பூதான இயக்கம் மனமாற்றத்தை நம்பிற்று. 1961-ம் வருஷத்து நில உச்சவரம்புச் சட்டம் ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வரம்பு கட்டிற்று. 1970-ல் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஆயினும் பினாமிப் பெயர்களும் தர்ம ஸ்தாபனங்களுக்கு அளித்த சலுகைகளும் அவ்வரம்பில் உடைப்புகளாக இருந்தன. இதற்கிடையே, 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு, கூலி உயர்வு கேட்ட குற்றத்துக்காக, அன்றைய தஞ்சை ஜில்லாவின் கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 உயிர்கள் எரிந்து சாம்பலாயின. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே.

அக்கொடுமைக்குப் பின் அங்கு வந்து எளியவர்களோடு வாழத் தலைப்பட்டவர்கள் சர்வோதயத் தொண்டர்களான ஸ்ரீ ஜகந்நாதனும் அவருடைய மனைவி ஸ்ரீமதி கிருஷ்ணம்மாளும் ஆவர். 1981-ல் அவர்கள் தோற்றுவித்த 'லாப்டி' என்னும் உழுபவனின் நில உரிமை இயக்கம் கையாண்ட முறையே இங்கு நாம் கவனிக்கத் தக்கது.

மிராசுதார் நிலத்தை ஏன் விடவில்லை? விலையின்றி விட மனமில்லை. பண்ணையாள் ஏன் வாங்கவில்லை? கையில் காசில்லை. ஆகவே இரு தரப்பாரையும் நேருக்கு நேர் உட்காரவைத்து நியாய விலை பேசினர். பாங்கிக் கடனுக்கு ஏற்பாடு செய்தனர். கடன் அடைபடுமாறு கூட்டாகப் பயிரிடச் செய்தனர். வயலில் வேலையற்ற மாதங்களுக்குப் பாய் முடைதல், தையல், தச்சு, கொத்து முதலிய தொழில்களைக் கற்பித்தனர். நிலத்தைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்வித்தனர். தாயின் பெயரிலுள்ள நிலம் சாராயக் கடைக்குப் போவது அரிதன்றோ! ஒவ்வொரு தடைக்கும் அதற்குரிய பரிகாரம் அமைந்தது. பாங்கிகள் முதலில் தயங்கின. பதிவுச் செலவும் மலைபோல் நின்றது. எனினும் 2007-க்குள் சுமார் 13,000 ஏக்கர் நிலம் அத்தனை குடும்பங்களுக்கும் கைமாறிற்று. 2008-ல் ரைட் லைவ்லிஹுட் விருது இப்பணியைத் தேடி வந்தது.

பயன்படுத்துவோரிடையே இருந்து, தடைகளைக் கண்டறிந்து, அவற்றுக்கேற்ப ஏற்பாட்டை அமைத்து, அனுபவத்தால் திருத்திக்கொள்ளும் முறையை 'வடிவமைப்புச் சிந்தனை' என்று பெயரிட்டு இன்று மேல்நாட்டுக் கல்லூரிகளில் போதிக்கிறார்கள். பெயர் புதிது, பொருளை நம் கழனிக் கரையிலேயே காணலாம்.

தலைமுறை தலைமுறையாக உழைத்தவன் தான் உழுத நிலத்துக்கு விலையும் கொடுப்பதா என்று தோழர்கள் சிலர் கேட்பார்கள். அக்கோபம் நியாயமானதே. அன்றியும், விற்க மனமுள்ளவர் இருக்குமிடத்தில்தான் இம்முறை செல்லும். மனமில்லாதவரிடம் சட்டமே செல்ல வேண்டும். அக்கடமையிலிருந்து சர்க்காரை நாம் விடுவிக்கவில்லை. ஆனால் பூரண நியாயம் வரும்வரை பசியோடு காத்திரு என்று பண்ணையாளிடம் சொல்ல வயிறு நிறைந்த நமக்கு உரிமையில்லை.

காகிதத்தில் கையெழுத்திடுமுன் அதிகாரிகளும், தீர்மானம் நிறைவேற்றுமுன் ஊழியர்களும், யாருக்காக அதைச் செய்கிறார்களோ அவர்கள் குடிசைத் திண்ணையில் சற்றே அமர்ந்து கேட்பார்களாக. அங்கே கேளாமல் வகுத்த திட்டம் எத்துணைச் சிறந்ததாயினும் மடை திறவாத வாய்க்காலே. அதனால் ஒரு பாத்தியும் நனையாது.