'கேம் ஆஃப் த்ரோன்ஸ்': ஒரு உண்மையைச் சொல்லாததால் மாறிப்போன இரண்டு கேரக்டர்கள்!

(ஸ்பாய்லர் அலர்ட்: நாவல், சீரிஸ் இரண்டின் முக்கியத் திருப்பங்களும் இதில் உண்டு.)

"புக்ல இப்படி இல்லையே!" நாவலைப் படித்துவிட்டு சீரிஸ் பார்க்கும் எவரும் ஒருமுறையாவது சொல்லும் வசனம் இது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' விஷயத்தில் இது வெறும் புலம்பல் இல்லை. ஒரேயொரு உரையாடலை மாற்றியதில், அண்ணன் தம்பி இருவரின் பாதையும் வேறு திசைக்குப் போய்விட்டது.

எந்தக் காட்சி?

2014-ல் வெளியான 4-வது சீசனின் கடைசி எபிசோட். மன்னன் ஜாஃப்ரியைக் கொன்றதாகப் பொய்ப் பழி சுமந்து, மரண தண்டனைக்குக் காத்திருக்கும் டிரியனை, அண்ணன் ஜேமி தப்பிக்க வைக்கிறார். இருவரும் பாசத்தோடு பிரிகிறார்கள்.

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின் 2000-ல் எழுதிய 'எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வார்ட்ஸ்' நாவலிலோ அந்தப் பிரிவு கொடூரமானது. சிறு வயதில் டிரியன் காதலித்து மணந்த பெண் டைஷா. அவள் காசுக்காக ஏற்பாடு செய்யப்பட்ட பெண் என்று டிரியனை நம்ப வைத்திருப்பார்கள். அது அப்பா டைவின் சொல்லச் சொன்ன பொய், அவள் காதல் நிஜம் என்பதைத் தப்பிக்கும் நேரத்தில் ஜேமி ஒப்புக்கொள்கிறார்.

உடைந்துபோகும் டிரியன் பதிலுக்கு இரண்டு விஷயங்களை வீசுகிறார். ஒன்று, 'ஜாஃப்ரியைக் கொன்றது நான்தான்' என்ற பொய். இன்னொன்று, ஜேமி உயிராக நேசிக்கும் இரட்டைச் சகோதரி செர்சிக்கு வேறு ஆண்களுடனும் உறவு இருக்கிறது என்ற தகவல்.

அதனால் என்ன மாறியது?

நாவலில் டிரியன் அப்பாவைக் கொல்லப் போவதற்கு டைஷாதான் காரணம். அதன்பிறகு வரும் டிரியன் கசப்பும் குடியுமாக, நமக்கே பிடிக்காத அளவுக்கு இருண்டு போகிறார். சீரிஸில் அந்தக் காயமே இல்லை. அதனால் அவர் டெனேரிஸின் புத்திசாலி ஆலோசகராக, கிட்டத்தட்ட நல்லவராகவே தொடர்கிறார்.

ஜேமிக்கு மாற்றம் இன்னும் பெரிது. நாவலில் தம்பி சொன்ன வார்த்தை அவர் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. கடைசியில், காப்பாற்றச் சொல்லி செர்சி அனுப்பும் கடிதத்தை நெருப்பில் போடச் சொல்லிவிடுகிறார். சீரிஸில் அந்த விதையே விழவில்லை. 8-வது சீசனில் அவர் செர்சியிடமே திரும்பிப் போய், அவளோடு சாகிறார்.

ஏன் மாற்ற வேண்டும்?

நாவலின் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு கேரக்டரின் பார்வையில் நகரும். டைஷாவின் நினைவு டிரியனின் மனதுக்குள் ஓடிக்கொண்டே இருப்பதால் வாசகர் அவளை மறப்பதில்லை. டிவியில் அந்த வசதி கிடையாது. டைஷா கதையை 2011-ல் முதல் சீசனிலேயே டிரியன் விவரமாகச் சொல்லிவிடுகிறார். மூன்று சீசன் தாண்டி அதை மறுபடி இழுத்திருந்தால், 'யாருப்பா அந்தப் பொண்ணு?' என்று பலர் கேட்டிருக்கக்கூடும்.

இழப்பு என்ன?

ஜேமி செர்சியிடம் திரும்பியதும், 'இத்தனை சீசனா திருந்தினது எதுக்கு?' என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஆனால், அடிமைத்தனமான காதலில் இருந்து சிலரால் வெளியே வரவே முடியாது என்பதும் உண்மைதானே? சீரிஸ் சொல்வது அந்தக் கதை. நாவல் இதுவரை சொல்லியிருப்பது, வெளியே வர முயலும் ஒருவனின் கதை.

'இதுவரை' என்பதுதான் இங்கே முக்கியம். 5-வது நாவல் 2011-ல் வந்தது. 6-வதுக்கு வாசகர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். சீரிஸோ 2019-லேயே முடிந்துவிட்டது. எரிந்த கடிதத்துக்குப் பிறகு ஜேமி எங்கே போய் நிற்பார் என்பதை மார்ட்டின்தான் எழுத வேண்டும்.