காய் உங்களுது... நம்பர் யாருது?

ஏலக்காய் என்றதும் உங்களுக்குப் பாயசம் ஞாபகம் வரும். போடிநாயக்கனூர்க்காரருக்கோ நம்பர்தான் ஞாபகம் வரும்!

மலைக்கு மேலே இடுக்கியில் விளைகிற காய், கீழே போடியில் இருக்கும் ஸ்பைசஸ் போர்டு ஏல மையத்துக்கு வருகிறது. ஒவ்வொருவர் காய்க்கும் ஒரு லாட் நம்பர். அதற்கப்புறம் வியாபாரி பார்ப்பது இரண்டைத்தான்: மாதிரிக்கு வைத்த காய், அதன் நம்பர். ‘இது எங்க தாத்தா காலத்துத் தோட்டமாக்கும்’ என்ற பெருமையெல்லாம் அங்கே செல்லாது.

வாய்விட்டுக் கூவிய ஏலம் 2007-ல் கம்ப்யூட்டருக்கு மாறியது. 2021-ல் போடியிலும் இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் ஒரே நேரத்தில் ஏலம் நடத்த வசதி வந்தது. ஆக, நம்பர் மாறினால் பணமும் மாறிப் போகும். வருஷம் முழுக்க மழையை நம்பி, மருந்தடித்து, கூலி கொடுத்து எடுத்த காய் ஐயா அது!

சரி, இந்த மாதிரி நம்பர்களைக் கம்ப்யூட்டர் எப்படிப் போடுகிறது? பி.காம். படித்த எனக்குத் தெரிந்ததெல்லாம் பில் புக். அதில் நம்பர் முதலிலேயே அச்சாகியிருக்கும். பில் எழுதுவது பிறகு. டேட்டாபேஸில் கதை தலைகீழ். பெயர், எடை எல்லாம் கொடுத்து, நம்பரை மட்டும் காலியாக விட வேண்டும். வரி உள்ளே போய் உட்காரும்போது அதுவே அடுத்த நம்பரை ஒட்டிக்கொள்ளும். பிள்ளை பிறந்தபின் பெயர் வைப்பது போல!

சிக்கல் இங்கேதான். அந்த நம்பர் நமக்கு உடனே வேண்டும். சீட்டில் எழுதணும், மாதிரிப் பையில் ஒட்டணும், பணப் பட்டுவாடாக் கணக்கில் ஏற்றணும். எப்படித் தெரிந்துகொள்வது?

“இதென்ன பிரமாதம்? இருக்கறதுலயே பெரிய நம்பர் எதுன்னு கேட்டா, அதுதானே நம்மது?” என்பார் ஓர் அவசரக்காரர்.

ஒரு கற்பனை. இரண்டு கவுன்ட்டர்கள். ஒன்றில் கம்பத்து அண்ணன், இன்னொன்றில் சின்னமனூர் ஐயா. அண்ணன் காய்க்கு 101 விழுகிறது. கவுன்ட்டர் பையன் “பெரிய நம்பர் எது?” என்று கேட்பதற்குள், கண் சிமிட்டும் நேரத்தில் ஐயா காய் 102 ஆகிவிடுகிறது. பையனுக்கு வரும் பதில்: 102! அதையே எழுதி நீட்டுகிறான். எட்டு மில்லிமீட்டர் குண்டுக் காய் கொண்டு வந்த அண்ணனுக்கு, ஐயாவின் பொடிக்காய் விலை. கேட்டால், “கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுண்ணே!”

பொய் சொல்லவில்லைதான். தப்பான கேள்விக்குச் சரியான பதில் சொல்லிவிட்டது!

இதில் விஷமம் என்ன தெரியுமா? புரோகிராம் எழுதியவர் ராத்திரி தனியாக உட்கார்ந்து நூறு தடவை சோதித்தாலும் தப்பு வராது. ஆள் நெரிகிற நாளில்தான் பல்லிளிக்கும்.

சரியான கேள்வி எது? “பெரிய நம்பர் எது?” அல்ல, “நான் இப்போ போட்டேனே, அதுக்கு என்ன நம்பர்?” மை-எஸ்க்யூஎல்லில் இதற்கு ‘லாஸ்ட் இன்செர்ட் ஐடி’ என்று பெயர். ஒவ்வொரு இணைப்புக்கும் தனித்தனியாக ஞாபகம் வைத்திருக்கும். பக்கத்துக் கவுன்ட்டரில் ஆயிரம் பேர் போட்டாலும் உங்களுக்கு உங்கள் 101-தான். கேள்வியை அதே இணைப்பில் கேட்க வேண்டும், அவ்வளவே. போஸ்ட்கிரஸ் இன்னும் கெட்டி. வரியைச் சேர்க்கும் கட்டளையின் வாலிலேயே ‘ரிட்டர்னிங்’ என்று ஒரு வார்த்தை போட்டால், சேர்த்த கையோடு நம்பரை நீட்டிவிடும்.

எஸ்க்யூஎல் சர்வரில் ஒரு வேடிக்கை. நீங்கள் காய்க்கணக்கில் ஒரு வரி போட, அது ‘டிரிக்கர்’ என்கிற தானியங்கி ஆளை எழுப்பி, டீக்கணக்கிலும் ஒரு வரி எழுத வைக்கிறது என்று வையுங்கள். ‘ஐடென்டிடி’ என்ற பழைய முறையில் கடைசி நம்பரைக் கேட்டால், டீ நம்பர் வந்து நிற்கும்! ‘ஸ்கோப் ஐடென்டிடி’ என்று கேட்டால்தான் காய் நம்பர் வரும்.

ஆடிட்டர்களுக்கு ஒரு வார்த்தை. 103-க்கு அப்புறம் 105 வந்தால் பதறாதீர்கள். பில் புக்கில் தாள் காணோம் என்றால் யாரோ கிழித்திருக்கிறார் என்று அர்த்தம். இங்கே பாதியில் ரத்தான பதிவு, தன் நம்பரையும் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நம்பர் வரிசை அறுந்தால் குற்றமில்லை; ஒருத்தர் நம்பர் இன்னொருத்தருக்குப் போனால்தான் குற்றம்.

இதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டாம். நம்ம பள்ளத்தாக்கு விவசாயி என்ன செய்வார்? போர்டில் கடைசி நம்பரை அண்ணாந்து பார்த்துவிட்டு வீட்டுக்குப் போக மாட்டார். காயைக் கொடுத்த அதே கவுன்ட்டரில், கொடுத்த கையை மடக்காமலே கேட்பார்:

“தம்பி, என் சீட்டு எங்கப்பா?”