வானம் நம் முற்றத்தில் – 7: கூடலூரில் நேற்று, தேனியில் இன்று

பகல் 12 மணிக்குச் சூரியன் எங்கே இருக்கும் என்று கேட்டால், வகுப்பே ஒரே குரலில் சொல்லும்: "தலைக்கு நேர் மேலே!" இந்தப் பதிலில் இரண்டு தப்பு இருக்கிறது.

முதல் தப்பு கடிகாரத்தில். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது. தேனி இருப்பது ஏறக்குறைய 77.5 பாகையில். ஒரு பாகை சுழலப் பூமிக்கு 4 நிமிடம் ஆகும். ஆக, நமக்கு உச்சிப்பொழுது 20 நிமிடம் பிந்தி வருகிறது. மாதத்துக்கு மாதம் சில நிமிடங்கள் கூடும், குறையும். ஏப்ரல் நடுவில் 12.20 என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது தப்புதான் சுவையானது. அந்த உச்சிப்பொழுதிலும் சூரியன் பெரும்பாலும் நேர் மேலே இருப்பதில்லை. பூமியின் அச்சு 23.5 பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் ஆறு மாதம் வடக்கே ஏறி, ஆறு மாதம் தெற்கே இறங்குகிறது. நம் ஊரை ஏறும்போது ஒரு முறை, இறங்கும்போது ஒரு முறை கடக்கிறது. அந்த இரண்டு நாளில் மட்டும், நட்டுவைத்த குச்சியின் நிழல் அதன் காலடியிலேயே ஒடுங்கிவிடும். இதுதான் நிழலில்லா நாள்.

நம் பக்கத்தில் இது ஏப்ரல் 15, 16 வாக்கில் வரும். ஆண்டைப் பொறுத்து ஒரு நாள் முன்பின் ஆகலாம். சித்திரை பிறந்த கையோடு வருகிறதே, பஞ்சாங்கக் கணக்கோ என்று கேட்காதீர்கள். நாம் 10 பாகை வடக்கு அட்சரேகையை ஒட்டிக் குடியிருப்பதால் வந்த ஒற்றுமை, அவ்வளவே. சென்னைக்கு இதே நாள் வர ஏப்ரல் 24, 25 ஆகிவிடும். டெல்லிக்கு வரவே வராது. அது கடகரேகையைத் தாண்டி இருக்கிறது.

அந்த நாட்களில் சூரியன் உச்சியில் நிற்கும் இடம் நாளொன்றுக்குச் சுமார் 40 கிலோமீட்டர் வடக்கே நகர்கிறது. கூடலூருக்கும் தேனிக்கும் உள்ள தெற்கு வடக்குத் தூரமும் ஏறத்தாழ அவ்வளவுதான். இன்று கூடலூரில் நிழல் மறைந்தால் நாளை தேனியில் மறையும். பேருந்து இரண்டு மணி நேரத்துக்குள் வந்துவிடும் தூரத்தைச் சூரியன் ஒரு நாள் எடுத்துக்கொண்டு, உத்தமபாளையம், சின்னமனூர் வழியாக ஆற அமரக் கடக்கிறது! பெரியகுளத்துக்கு மேலே, கொடைக்கானலில் 1899-இல் நிறுவிய சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிறதே (சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை எவர்ஷெட் 1909-இல் கண்டது அங்கேதான்), அதுவும் தேனிக்கு நேர் வடக்கே, கிட்டத்தட்ட அதே தீர்க்கரேகையில் உள்ளது. மலை மேலும் கீழும் உச்சிப்பொழுது ஒன்றே.

அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை, உச்சிப்பொழுதில் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். நிழல் தெற்கே விழும். மே மாதம் வீட்டின் வடக்குச் சுவரில் வெயில் அடிப்பதைப் பாருங்கள். திராட்சைப் பந்தலில் வேலை செய்பவர்களைக் கேளுங்கள்; பாடம் படிக்காமலே சொல்வார்கள்.

இனி வேலை. கொத்தனாரிடம் ரசமட்டமும் தூக்குக்குண்டும் இரவல் வாங்கி, சமதரையில் ஒரு மீட்டர் குழாயை நேராக நிறுத்துங்கள். 12.10 முதல் 12.30 வரை நிழலின் நுனியைச் சாக்பீஸால் குறியுங்கள். சூரியனை மட்டும் நேராகப் பார்க்கவே கூடாது.

டெல்லியில் பட்டாளத்தில் சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் இன்னும் நல்லது. அதே நாள் உச்சிப்பொழுதில் அங்கேயும் ஒரு மீட்டர் குச்சியை நட்டு அளக்கச் சொல்லுங்கள். நிழல் 33, 34 சென்டிமீட்டர் வரும். அதை வரைபடத்தாளில் வரைந்து பாகைமானி வைத்தால், கோணம் 18.6-க்குப் பக்கத்தில் நிற்கும். தேனியிலிருந்து டெல்லி வடக்கே ஏறத்தாழ 2,060 கிலோமீட்டர். 18.6 பாகைக்கு 2,060 என்றால் 360 பாகைக்கு? விடை 40,000-ஐ நெருங்கும். அதுதான் பூமியின் சுற்றளவு. எரடோஸ்தனிஸ் 2,200 ஆண்டுகளுக்கு முன்பு எகிப்தில் போட்ட கணக்கும் இதுவே. பாவம், அவருக்குத் தொலைபேசி இல்லை.

ஏப்ரலில் தவறவிட்டால் ஆகஸ்ட் 27, 28 வாக்கில் இன்னொரு வாய்ப்பு உண்டு. ஆனால் அது மேற்கு மலையில் மேகம் குவிந்து நிற்கும் காலம். அதை நம்பி இருக்காதீர்கள். சித்திரை வெயிலிலேயே பார்த்துவிடுங்கள்.